திகதி குத்திய கப்பல்கள்

எங்கள் நகரசபையில் அப்போது ஆட்கள் போதாது. மாற்றலாகிப் போனவர்களின் இடத்துக்கு யாரும் வரவில்லை. வெளிநாடு போனவர்களின் கதிரைகள் வெறுமையாகவே கிடந்தன. அதனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு வேலைகள் என் மேசைக்கு வந்து சேர்ந்தன. ஒன்று, சபைக்குச் சொந்தமான பழைய கட்டடங்களைப் பேணுவது. மற்றது, வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பு நிலையம். இரண்டுக்கும் உரிய கோப்புகளை அலுமாரியின் வெவ்வேறு தட்டுகளில் வைத்திருந்தேன். ஒன்றின் தாள் மற்றதில் கலந்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

அவை கலந்தது, சண்டை நின்றிருந்த சமாதானக் காலத்தில். துறைமுகத்துக்கு மேலே ஏறும் வீதியின் திருப்பத்தில் சபைக்கு ஓர் ஒல்லாந்தர் காலத்துக் கட்டடம் இருந்தது. கடலில் எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியது. சுவரின் தடிப்பில் ஓர் ஆள் படுத்துறங்கலாம். முதலில் பண்டசாலையாக இருந்து, பிறகு வெள்ளைக்காரரின் எழுதுவினைஞர்கள் தங்கும் இடமாகி, கடைசியில் சபையின் உடைந்த குப்பை வண்டில்களைத் தள்ளிவிடும் இடமாகியிருந்தது. அதைத் திருத்துவதற்கு நிதியுதவி கிடைக்கும் என்று தெரிந்தபோது எங்கள் தலைவர் ஒரு வழி சொன்னார்.

"கட்டடத்துக்குத் தாறவன் அதுக்குள்ள ஆக்கள் புழங்கவேணும் எண்டுறான். பிள்ளையளுக்குத் தாறவன் நல்ல கட்டடம் வேணும் எண்டுறான். ரெண்டு பேருக்கும் கலியாணம் கட்டி வைப்பம், மிஸ்."

சபைக் கந்தோரில் எல்லோரும் சிரித்தோம். யோசனை நல்லதுதான்.

பழைய கட்டடங்களை அறிந்த அலுவலர் ஒருவர் கொழும்பிலிருந்து வந்தார். துறைமுகப் பக்கச் சுவரை மடக்கிய விரலால் தட்டிக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. நின்றார். அந்தச் சுவரில் மூன்று யன்னல்கள் இருந்திருக்கின்றன, பிறகு செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள் என்றார். அடைத்தது வெள்ளைக்காரர், முந்திய ஒரு யுத்தத்தின்போது. அவற்றைத் திறந்தால்தான் கட்டடம் தன் பழைய உருவத்துக்கு வரும் என்று எழுதியும் தந்தார். எனக்கும் அது வசதியாக இருந்தது. பிள்ளைகள் இருக்கும் அறைக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்பது மற்றக் கோப்பிலிருந்த நிபந்தனை. வெள்ளைக்காரர் அவற்றை ஏன் அடைத்தார்கள் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

துறைமுகத்தைப் பார்த்தபடி எதைத் திறந்தாலும் கடற்படை முகாமுக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தோம். பதில் வரவில்லை. அந்த நாட்களில் எங்கள் கந்தோரில் ஒரு வழக்கம் உண்டு. முகாமிலிருந்து பதில் வராவிட்டால் அதை ஓம் என்று எடுத்துக்கொள்வோம். சந்தைக்குக் கூரை போட்டதும் அப்படித்தான், கடற்கரை வீதிக்கு விளக்குப் போட்டதும் அப்படித்தான். அதுவரை ஒன்றும் பிழைத்ததில்லை.

யன்னல்களைத் திறந்தவர் கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு மேசன். எங்கள் எல்லோருக்கும் அவர் நானா, அண்ணன் முறை. முதலாவது யன்னலின் அடைப்பு விழுந்ததும் கடற்காற்று உள்ளே பாய்ந்து அத்தனை புழுதியையும் எங்கள் மேல் கொட்டியது. நானா கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். கீழே உட்துறைமுகம் முழுவதும் கிடந்தது. இறங்குதுறைகள், பாரந்தூக்கிகள், சாம்பல் நிறக் கப்பல்கள், அவற்றுக்கிடையில் ஓடித்திரியும் சிறிய படகுகள்.

"இது யன்னலில்ல மிஸ், படம் பாக்கிற கொட்டகை," என்றார்.

நிலையத்தின் பொறுப்பாளரை எல்லோரும் டீச்சர் என்றே அழைத்தோம். கிளிவெட்டிப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து நகரத்துக்கு வந்தவர். என்னைவிடச் சில வயது மூத்தவர், தனியாள். குரலை உயர்த்த மாட்டார். அழுகிற பிள்ளையிடம் இன்னும் மெதுவாகப் பேசுவார். அவர் சொல்வதைக் கேட்பதற்காகவே பிள்ளை அழுகையை நிறுத்தும். அவரிடம் பிள்ளைகளை விட்டுப்போன பெண்கள் ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைப்பவர்கள், எங்கள் சபையின் வீதி கூட்டுபவர்கள், கருவாடு காயப்போடுபவர்கள். புருஷன்மார் சிலர் கடலுக்குப் போனார்கள். சிலர் எங்கே என்று நாங்கள் கேட்பதில்லை.

பிள்ளைகள் கீறிய படங்களை டீச்சர் ஒரு நைலோன் நூலில் கிளிப் போட்டுச் சுவர் நீளத்துக்குத் தொங்கவிடுவார். முன்பள்ளிப் பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். படங்களை வரிசையாகத் தொங்கவிட்டால் பிள்ளையின் கை எப்படித் தேறி வருகிறது என்று தாய் பார்க்கலாம். அதற்குப் படத்தில் பெயரும் திகதியும் இருக்க வேண்டும். பெயரை டீச்சர் பென்சிலால் எழுதினார். திகதிக்கு, எங்கள் தபால் மேசையில் கழித்துவிட்ட ஒரு முத்திரையைக் களஞ்சியத்தில் கேட்டு வாங்கியிருந்தார். ஊதா மை. படம் முடிந்ததும் பிள்ளைகள் வரிசையில் நின்று முத்திரை குத்துவித்துக்கொள்வார்கள். அது விழும் சத்தத்துக்காகவே சிலர் இரண்டு படம் கீறினார்கள். தாள், எங்கள் கந்தோரின் பழைய அறிவித்தல்களின் வெறும் பக்கம்.

யன்னல்கள் திறக்கும்வரை அந்தப் படங்கள் எல்லா இடத்திலும் பிள்ளைகள் கீறுகிற படங்களாகத்தான் இருந்தன. வீடு, தென்னை, சிரிக்கிற சூரியன். திறந்த பிறகு கப்பல் வந்தது. காலையில் வந்ததும் வாங்குகளை யன்னலோரம் இழுத்து ஏறி நின்று பார்ப்பார்கள். பிறகு பாயில் படுத்துக் கீறுவார்கள். முன்பக்கத்தில் பீரங்கி நீட்டிக்கொண்டிருப்பது மூக்குக் கப்பல். துறையோடு அசையாமல் கிடப்பது படுத்த கப்பல். வேகமாக ஓடும் சிறியவை குட்டிகள். ஒரு மீனவரின் மகள் மட்டும் மற்றவர்களைப் போலக் கீறவில்லை. அவளுக்கு நாலரை வயது. பாரந்தூக்கியின் கம்பிகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன, எந்தக் கப்பல் எதற்குப் பின்னால் நிற்கிறது, எல்லாம் அவள் தாளில் இருந்தபடியே இருக்கும். டீச்சர் அவளுடைய படங்களை என்னிடம் காட்டி, "இந்தக் கை எங்கயிருந்து வந்ததோ தெரியாது மிஸ்," என்பார்.

பிறகு சமாதானம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடத் தொடங்கியது. வீதித் தடைகளில் மறுபடியும் மண்மூட்டைகள் ஏறின. மீனவர்களுக்குப் பாஸ் வந்தது. கடலுக்குப் போகும்போது அடையாள அட்டையைக் காவலரணில் கொடுத்துவிட்டுப் போய், திரும்பி வந்து வாங்க வேண்டும். பொழுதுபட்டால் குட்டிகள் வரிசையாகத் துறைமுக வாய்ப் பக்கம் போகும். விடியும்போது தூரத்தில் அதிர்வு கேட்கும். சந்தையில் ஆட்கள் வாங்கியதை நின்று எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்கள்.

ஒரு காலை நான் நிலையத்துக்குப் போயிருந்தபோது அந்தச் சிறுமி யன்னலிலிருந்து திரும்பி, "டீச்சர், மூக்குக் கப்பல் ஒண்டு இல்லை," என்றாள்.

"வேலைக்குப் போயிருக்கும்."

"அம்மா மாதிரியோ?"

"ஓம், அம்மா மாதிரித்தான்."

அவள் அந்த இடத்தை வெறுமையாக விட்டுப் படத்தைக் கீறி முடித்தாள். டீச்சர் முத்திரை குத்தினார். அந்தக் கப்பல் பிறகு வரவேயில்லை.

கடற்படையினர் வந்தது கடலில் பெரிய வெடிச்சத்தம் கேட்டதற்கு மறுநாள். வீதியை மூடி வீடு வீடாகச் சோதித்துக்கொண்டு மேலே வந்தார்கள். கட்டடம் சபையுடையது என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் பாயில் இருந்தார்கள். ஓர் அதிகாரி நடு யன்னலில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பக்கத்தில் கட்டம் போட்ட சேர்ட்டும் செருப்பும் அணிந்த ஒருவர். அதிகாரி சிங்களத்தில் சொல்வதை அவர் தமிழில் சொன்னார். அவருடைய தமிழ் எங்கள் ஊர்த் தமிழ். அவரை நான் முன்பு எங்கோ கண்டிருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று யோசிக்க விரும்பவில்லை.

அதிகாரி நீண்ட நேரம் வெளியே பார்த்தார். பிறகு திரும்பினார். அப்போதுதான் நூலில் தொங்கிய படங்களைக் கண்டார்.

அவசரப்படாமல் சுவரின் ஒரு முனையிலிருந்து நடந்தார். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்றார். அடியிலிருந்த ஊதா மையைப் பார்த்தார். திகதியை வாசிக்க அவருக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. பாதி தூரம் போனதும் அவருடைய நடை மெதுவாகியது. நானும் அப்போதுதான் அந்தச் சுவரை அவருடைய இடத்திலிருந்து பார்த்தேன். எந்த நாளில் எத்தனை கப்பல் துறையில் நின்றது, எது போனது, எது திரும்பவில்லை என்பதெல்லாம் அங்கே ஒழுங்காக, திகதி குத்தி, கிளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் குனிந்து ஒரு பிள்ளையிடம் படமொன்றைக் காட்டி ஏதோ கேட்டார். கட்டம் போட்ட சேர்ட்டுக்காரர், "இது என்ன மகன், சொல்லுங்கோ," என்றார்.

"படுத்த கப்பல்."

"ஏன் படுத்திருக்கு?"

"அது ஓடாது. பழுது. மாமாக்கள் சுத்தியலால அடிக்கிறவை."

அதை அவர் சிங்களத்தில் சொன்னபோது அதிகாரி சிரிக்கவில்லை. பிள்ளையின் தலையைத் தடவினார். சட்டைப்பையிலிருந்து இனிப்பு ரொபி எடுத்துக் கொடுத்தார். பிறகு டீச்சரைப் பார்த்துப் பேசினார்.

"நாளைக்குக் காலமை இந்தப் படங்கள் எல்லாத்தையும் முகாமுக்குக் கொண்டு வரட்டாம். ஒண்டும் விடாமல். நீங்களும் வரவேணுமாம். யன்னல் மூண்டும் இண்டைக்குப் பொழுது படமுன்னம் மூடவேணுமாம்."

"நான் ஒரு ஆள்தானே இருக்கிறன். பிள்ளையளை ஆர் பாக்கிறது?" என்றார் டீச்சர்.

சேர்ட்டுக்காரர் அதை மொழிபெயர்க்கவில்லை.

தாய்மாருக்குச் சொல்லி அனுப்பிப் பிள்ளைகளை மதியத்துக்கு முன்பே வீட்டுக்கு விட்டோம். நான் தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"மூடுங்கோ மிஸ். அவங்கள் சொன்னா மூடத்தானே வேணும்."

"அந்தச் சுவரில சீமெந்து பாவிக்கக் கூடாதெண்டு நிபந்தனை இருக்கு, சேர். சுண்ணாம்பெண்டா இறுகக் கன நாள் எடுக்கும்."

"நிபந்தனையை அலுமாரிக்குள்ள வையுங்கோ."

நானா சீமெந்துப் பையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். யன்னல்களைத் திறந்தபோது எடுத்த பழைய செங்கற்கள் கொல்லையில் கிடந்தன. அவற்றையே அடுக்கத் தொடங்கினார். "தொறக்கச் சொன்னதும் நீங்க, மூடச் சொல்றதும் நீங்க. நாளைக்கு ஒரு ஆள் வந்து தொறக்கச் சொன்னா என்னைக் கூப்பிடாதீங்க மிஸ், நான் தோப்பூருக்கு வயல் வெட்டப் போயிட்டன் எண்டு சொல்லுங்க." சிரிக்க வைக்கப் பார்த்தார். ஒவ்வொரு வரி ஏறும்போதும் அறை கொஞ்சம் கொஞ்சமாக இருட்டியது.

டீச்சர் படங்களைக் கழற்றி மேசையில் அடுக்கினார். அடுக்கிக்கொண்டே, "மிஸ், திகதியை ஒண்டும் செய்ய ஏலாது. அவர் பாத்திட்டார். பேர் பென்சில்லதானே இருக்கு," என்றார்.

அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு விளங்கியது. அந்த ஊரில் யாருக்கும் விளங்கும். அந்த முகாமுக்குள் போன ஒரு பெயர் அங்கேயே நிற்காது. பெயருக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் தகப்பன். அவன் கடலுக்குப் போகிறவனென்றால், அவன் எங்கே போனான், என்ன பார்த்தான், வீட்டில் இதெல்லாம் ஏன் கதைக்கிறான் என்று கேள்வி வரும்.

"அழிச்சது தெரிஞ்சா உங்களைத்தானே கேப்பினம்," என்றேன்.

"என்னை எப்பிடியும் கேக்கத்தானே போயினம்."

இரண்டு அழிறப்பர் எடுத்துக்கொண்டு எதிரெதிரே இருந்தோம். டீச்சர் எழுத்தை அழுத்தி எழுதுபவர். பிள்ளைகள் பார்த்துப் பழக வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு எழுத்தையும் வட்டமாக, பெரிதாக எழுதியிருந்தார். கரி போனது, பள்ளம் போகவில்லை. நகத்தின் பின்பக்கத்தால் தேய்த்துப் பார்த்தேன். தாள் கிழிந்துவிடும் போலிருந்தது. நானா சுவரிலிருந்து திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த செங்கல்லை எடுத்தார். அந்த மீனவரின் மகளுடைய படங்கள் வந்தபோது டீச்சர் அவற்றைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டு மற்றவற்றைவிட நீண்ட நேரம் அழித்தார்.

கடைசிச் செங்கல் ஏறும்போது வெளியே இன்னும் வெயில் இருந்தது. உள்ளே விளக்குப் போட்டோம்.

மறுநாள் முகாமில் எங்களை ஒரு வாங்கில் இருத்தினார்கள். நானும் போனேன், கட்டடத்துக்குப் பொறுப்பான ஆள் என்று. டீச்சர் படங்களை ஒரு தலையணை உறைக்குள் வைத்து மடியில் வைத்திருந்தார். அவருடைய மாற்றுச் சேலை ஒன்றும் பல்துலக்கியும் கைப்பையில் இருந்ததைப் பிறகுதான் அறிந்தேன்.

உள்ளே அதே அதிகாரி, அதே கட்டம் போட்ட சேர்ட்டுக்காரர். சேர்ட் மட்டும் வேறு. படங்களை மேசையில் பரப்பினார்கள். கப்பல்களைக் கீறச் சொன்னது யார் என்று கேட்டார்கள்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. பிள்ளையள் கண்டதைக் கீறுங்கள். இஞ்ச பாருங்கோ, மரமும் கீறியிருக்குதுகள். இது கோழி."

"இது கோழியோ?"

"அவனுக்கு மூண்டு வயசு. அவன் கோழி எண்டுதான் சொன்னவன்."

அதிகாரி சிறுமியின் படங்களை வேறாக எடுத்து வைத்திருந்தார். ஒன்றைத் தூக்கிக் காட்டினார். இதைக் கீறியது பிள்ளையில்லை என்றார். பெரிய ஆள் ஒருவர் கீறிப் பிள்ளைகளின் படங்களோடு கலந்து வைத்திருக்கிறார் என்றார். பிறகு ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் டீச்சரின் முன்னால் தள்ளினார்.

"கப்பல் ஒண்டு கீறட்டாம்," என்றார் சேர்ட்டுக்காரர்.

டீச்சர் பென்சிலை எடுத்தார். மேசையின் விளிம்பில் மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு கீறினார். அவருக்குத் தெரிந்தது கரும்பலகைப் படம். தாமரை, தாரா, வீடு, கடதாசிக் கப்பல். கடதாசிக் கப்பலைக் கீறினார். கீழே அலைக்கு மூன்று வளைவு. பழக்கத்தில் மேலே ஒரு சூரியனும் வைத்தார்.

அதிகாரி அதை நெடுநேரம் பார்த்தார். சேர்ட்டுக்காரர் வாய்க்குள் சிரித்துக்கொண்டு, "டீச்சருக்குக் கீற வராது போல," என்றார்.

"வராது. பாட்டுத்தான் வரும்."

"அப்ப இது ஆர்ர கை?"

டீச்சர் பென்சிலைத் தாளின் மேல் வைத்தார். நான் மேசைக்குக் கீழே என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே கேள்வி திரும்ப வந்தது.

"அந்தப் பிள்ளையளுக்கு நான்தான் பொறுப்பு. கேக்கிறதை என்னட்டைக் கேளுங்கோ," என்றார். குரல் உயரவில்லை. பிள்ளைகளிடம் பேசும் அதே குரல்.

சேர்ட்டுக்காரர் சிறுமியின் படத்தைக் கையிலெடுத்தார். எழுந்து யன்னலடிக்குப் போனார். தாளை வெளிச்சத்துக்குச் சரித்தார். ஒரு முறை இந்தப் பக்கம், ஒரு முறை அந்தப் பக்கம். அவருடைய உதடு அசைந்ததா என்று நான் பார்த்தேன். அசையவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். திரும்பி வந்து தாளை மற்றவற்றோடு வைத்தார். அதிகாரியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

எங்களைப் போகச் சொன்னார்கள். தேவைப்பட்டால் கூப்பிடுவார்களாம். படங்கள் அங்கேயே இருக்கட்டுமாம். தலையணை உறையைத் திருப்பித் தந்தார்கள்.

வெளியே வந்து கடற்கரை வீதியில் நடந்தபோது டீச்சர், "அந்தாள் வாசிச்சிருப்பாரோ?" என்றார்.

"வாசிச்சிருந்தா அங்கயே சொல்லியிருப்பார்," என்றேன். அவர் தலையை ஆட்டினார். இரண்டு பேரும் அதை நம்பியபடி நடந்தோம்.

அன்றிரவு தாய்மாரிடம் டீச்சர் சொன்னது அதுதான். படங்களைக் கொடுத்துவிட்டோம், பெயர்களை அழித்துவிட்டோம், பயப்பட வேண்டாம். மறுநாள் எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். கீறுவதற்குத் தாள் கொடுக்கவில்லை. மூடிய யன்னல்களுக்கு முன்னால் வாங்கை இழுத்துப்போட்டு ஏறி நின்ற பிள்ளைகள், சுவரைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு இறங்கினார்கள். முத்திரை எங்கே என்று கேட்டார்கள். பழுதாகிவிட்டது என்றார் டீச்சர்.

அதற்குப் பிறகு வந்த வாரத்தில், நான் நிலையத்தில் இருந்தபோதே, சிறுமியின் தகப்பன் வந்தார். மகளைக் கூட்டிவரவில்லை. வாசலில் நின்றார், உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

"டீச்சர், நேற்று அட்டை எடுக்கக் காவலரணுக்குப் போனனான். அங்க கட்டம் போட்ட சேர்ட்டோட ஒரு ஆள் நிண்டவர். என்ர அட்டையை அவர்தான் எடுத்துத் தந்தவர்."

டீச்சர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"மகளின்ர பேரைச் சொன்னவர். 'உங்கட மகள் கெட்டிக்காரியாமே, நல்லாக் கப்பல் கீறுவாவாம்' எண்டு சொன்னவர். அவ்வளவுதான். சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவர்."

"பேரை நான் அழிச்சனான், தம்பி. மற்றப் பேரைவிட அதைத்தான் கனக்க அழிச்சனான்."

"தெரியும் டீச்சர். உங்களைப் பிழை சொல்ல வரேல்லை." அவர் சாரத்தை மடித்துக் கட்டினார், அவிழ்த்தார். "நாங்கள் இறக்கக்கண்டிக்குப் போறம். மனுசியின்ர ஆக்கள் இருக்கினம். மகள் வரேல்லையெண்டு தேடுவீங்கள். அதுதான் சொல்லிப்போட்டுப் போவமெண்டு வந்தனான்." படியிறங்கிய பிறகு திரும்பி, "மற்றப் பிள்ளையளின்ர பேரும் அங்க இருக்குமென்ன?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை.

நான் கந்தோருக்குப் போய்த் தலைவரிடம் சொன்னேன். மற்றத் தாய்மாருக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்றேன். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சொன்னா என்ன நடக்கும்? பிள்ளையளை நிப்பாட்டுவினம். பிள்ளையள் இல்லாட்டிக் கட்டடம் வெறுமை. அந்த இடத்தில, துறைமுகத்துக்கு நேர மேல, வெறுங் கட்டடத்தை அவங்கள் விட்டு வைப்பாங்களோ மிஸ்? அடுத்த கிழமை மண்மூட்டை ஏறும். நீங்கள் பாடுபட்டுத் திருத்தின கட்டடம். பிள்ளையள் உள்ளுக்க இருக்குமட்டும்தான் அது எங்கட."

அவர் கெட்டவரில்லை. சொன்னதில் பிழையும் இல்லை. வீதியின் அந்தப் பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த வீடுகளுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் சொல்லி முடித்தபோது எனக்கு ஒன்று தெளிவாகியது. கட்டடத்தைக் காக்கும் வேலையை நாங்கள் மூன்று வயதுப் பிள்ளைகளிடம் கொடுத்திருந்தோம்.

அவர் சொன்னதை அப்படியே போய் டீச்சரிடம் சொன்னேன். அவர் பால்மா கரைத்த கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"சென்ரர் மூடினா அந்தத் தாய்மார் வேலைக்குப் போக ஏலாது. அதுவும் தெரியும்," என்றார். "ஆனா மிஸ், அழிச்சாச்சு, பயப்படாதேயுங்கோ எண்டு அவளவைக்குச் சொன்னது நான். பிள்ளையைத் தரலாமோ தரக்கூடாதோ எண்டு அவளவைதான் யோசிக்கவேணும். தலைவருமில்லை, நானுமில்லை."

அடுத்த நாள் காலையில் நானும் போயிருந்தேன். டீச்சர் வாசற் படலைக்கு வெளியே வந்து நின்றார். வழக்கமாக உள்ளே நின்றுதான் பிள்ளைகளை வாங்குவார். ஒவ்வொரு தாய் வரும்போதும், பிள்ளையின் கையைப் பிடிப்பதற்கு முன்னால் சொன்னார். பேர் வாசிச்சிட்டினம், ஒரு தகப்பனிட்டை மகளின்ர பேரைச் சொல்லியிருக்கினம், மற்றப் பேருகளும் அவையளிட்டை இருக்கலாம். ஒருத்திக்கும் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை.

முதலில் வந்தவள் கேட்டுவிட்டுப் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்த வழியே போனாள். அடுத்தவள், "இதைச் சொல்லத்தான் அழிச்சனீங்களோ?" என்றாள். "என்ர பிள்ளைக்கு ஒரு கோடுகூட நேராக் கீற வராது. அவன்ர பேரும் போயிட்டுதோ?" என்று கேட்டு, சத்தம் போடப் பார்த்து, வீதித் திருப்பத்தில் நின்ற காவலாளைக் கண்டு குரலை அடக்கிக்கொண்டாள். அவளும் போனாள். பிறகு வந்தவர்களில் பலர் படலை வரைக்கும் வரவில்லை. முன்னால் போனவர்கள் வழியில் சொல்லியிருப்பார்கள்.

கடைசியாக எங்கள் சபையின் வீதி கூட்டும் பெண் வந்தாள். ஒரு கையில் தும்புத்தடி, மற்றக் கையில் இரண்டு பிள்ளைகள். அவளுடைய புருஷன் முந்திய வருடம் மூதூர்ப் பக்கம் போனவர், வரவில்லை. டீச்சர் சொல்வதை முழுவதும் கேட்டாள். நடுவில் ஒருமுறை என்னைப் பார்த்தாள், நான் கந்தோர் ஆள் என்பதால்.

"கந்தோரில வரவு வைக்கிற நேரமாச்சென்ன மிஸ்?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றேன்.

"அப்ப பிடியுங்கோ டீச்சர்."

"கேட்டனீங்கள்தானே நான் சொன்னதை?"

"கேட்டனான். பிள்ளையளை வீட்டில விட்டுட்டுப் போனா ஆர் பாக்கிறது? பிடியுங்கோ."

டீச்சர் பிள்ளைகளின் கைகளைப் பிடித்தார். அவள் நாலடி நடந்து, தும்புத்தடியைத் தோளில் மாற்றிக்கொண்டு திரும்பினாள்.

"இனிப் பேர் ஒண்டும் எழுதாதேயுங்கோ. கூப்பிடவும் வேண்டாம். சத்தம் வீதிக்குக் கேக்கும்."

கட்டடம் நின்றது. மண்மூட்டை ஏறவில்லை. நாள் போகப்போக, வேறு வழியில்லாத இன்னும் சில பெண்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஒவ்வொருவரும் படலையில், பேர் சொல்ல வேண்டாம் என்று, அதையே சொல்லிவிட்டுப் போனார்கள். விளக்குப் போட்ட அந்த அறையில் டீச்சர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை நான் பிறகு கேட்கவில்லை. "பிள்ளை" என்பார், மெதுவாக. இருந்த எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்ப்பார்கள்.